பண்டைய ஆண்டிஸ் மக்களின் அடக்க முறைகளும் முன்னோர் வழிபாடும்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஆண்டிஸ் மலைத்தொடரிலும், அதன் அடிவாரத்தில் உள்ள பாலைநிலக் கடற்கரையிலும் வாழ்ந்த பண்டைய மக்கள், இறந்தவர்களின் உடலைப் பாதுகாத்து, அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, குடும்பத்தின் உறுப்பினர்களாகவே நடத்தி வந்தனர். இன்றைய பெரு, பொலிவியா, சிலியின் வடபகுதி, அர்ஜென்டினாவின் வடமேற்குப் பகுதி ஆகிய இடங்களில் இவ்வழக்கம் பல வடிவங்களில் நிலவியது. மிகப் பழைய சின்சோரோ மீனவர்களின் காலத்துக்கும் இன்கா பேரரசின் காலத்துக்கும் இடையே ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. இக்காலத்தில் வாழ்ந்த இனங்களின் மொழியும் தொழிலும் ஆட்சிமுறையும் வெவ்வேறானவை. ஆயினும் இறந்தவரின் உடலைப் பேணுவது உயிரோடிருப்பவரின் கடமை என்ற எண்ணம் இவர்களிடையே மீண்டும் மீண்டும் காணப்படுகிறது.

இக்கடமை வெறும் பாசத்தினால் மட்டும் வந்ததன்று. நிலமும் நீரும் யாருக்கு உரியவை, யார் யாருக்கு உறவு, யார் ஆளத் தகுந்தவர் என்பவை எல்லாம் முன்னோரின் உடலோடு பிணைக்கப்பட்டிருந்தன. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் இவ்வுடல்களைத் தேடிப் பிடித்துப் புதைக்கவும் எரிக்கவும் முற்பட்டபோது ஏற்பட்ட துயரத்தின் ஆழத்தைப் புரிந்துகொள்ள இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நிலமும் சான்றுகளும்

பெருவின் தென்கரையும் சிலியின் வடகரையும் உலகின் மிக வறண்ட பகுதிகளுள் அடங்கும். கடலோரமாக வடக்கு நோக்கிப் பாயும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால் இங்கு மழை அரிது. உப்பு கலந்த மணலில் புதைக்கப்பட்ட உடல், அழுகுவதற்கு முன்பே உலர்ந்துவிடும். உயர்ந்த மலைப்பகுதிகளில் குளிரும் வறண்ட காற்றும் இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே மனிதர் பதப்படுத்தத் தொடங்குவதற்கு முன்பே, இயற்கை அவ்வேலையைச் செய்து காட்டியிருந்தது.

ஆண்டிஸ் மக்களிடம் எழுத்து வழக்கம் இல்லை. கணக்குகளைக் கயிற்று முடிச்சுகளில் பதிந்து வைத்தனர். எனவே அவர்களின் நம்பிக்கைகளை அறிய இரண்டு வகைச் சான்றுகளே உள்ளன. ஒன்று, அகழாய்வில் கிடைக்கும் உடல்களும் பொருட்களும். மற்றொன்று, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட நூல்களும் விசாரணை ஆவணங்களும். இவற்றுள் பலவற்றை எழுதியவர்கள் இவ்வழிபாட்டை ஒழிக்க வந்த பாதிரியார்களும் அதிகாரிகளும் ஆவர். ஒழிப்பதற்காக அவர்கள் திரட்டிய விவரங்களே இன்று அவ்வழக்கங்களுக்குச் சான்றாக நிற்கின்றன.

சின்சோரோ மம்மிகள்

சிலியின் வட எல்லையில் உள்ள அரிக்கா நகரைச் சுற்றிய கடற்கரையில் சின்சோரோ மக்கள் வாழ்ந்தனர். மீன்பிடித்தலும் கடற்சிங்க வேட்டையும் இவர்களின் தொழில். மட்பாண்டமும் நெசவும் இவர்களிடம் இல்லை, அரசரும் இல்லை. இவர்கள் ஏறத்தாழ கி.மு. 5000 அளவில் இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்தத் தொடங்கினர். எகிப்தியர் பதப்படுத்தத் தொடங்கியதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம் இது. 1917ஆம் ஆண்டு ஜெர்மானியத் தொல்லியலாளர் மாக்ஸ் ஊலே இவ்வுடல்களை அரிக்காவில் கண்டறிந்தார்.

பழைய வகை ‘கருப்பு மம்மிகள்’ எனப்படுகின்றன. இதில் உடலின் தோலையும் தசையையும் உள்ளுறுப்புகளையும் நீக்கி, எலும்புகளைக் குச்சிகளால் வலுப்படுத்தி, நாணல் கயிற்றால் கட்டுவர். சாம்பல் பசையும் களிமண்ணும் கொண்டு உடலின் வடிவத்தை மீண்டும் உருவாக்குவர். தோலை மேலே போர்த்தி, முகத்துக்குக் களிமண் முகமூடி அமைத்து, மனித முடியாலான தொப்பி முடியை வைப்பர். இறுதியில் மாங்கனீசுக் கருநிறத்தைப் பூசுவர். பிற்காலத்தில் காவி பூசிய ‘சிவப்பு மம்மிகள்’ வழக்கில் வந்தன. இவற்றில் உடலை முழுதும் பிரிக்காமல், சிறு வெட்டுகள் வழியே உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு மண்ணையும் இறகுகளையும் பிறவற்றையும் நிரப்பினர்.

எகிப்தில் பதப்படுத்தும் வழக்கம் அரசர்களிடமும் உயர்குடியினரிடமும் தொடங்கியது. சின்சோரோ மக்களிடம் அப்படி இல்லை. ஆண், பெண், கைக்குழந்தை, கருச்சிதைவில் வெளிவந்த சிசு என எல்லோரும் பதப்படுத்தப்பட்டுள்ளனர். மிகப் பழைய மம்மிகள் கிடைத்த கமரோனெஸ் பள்ளத்தாக்கின் ஆற்றுநீரில் ஆர்செனிக் நஞ்சு இயற்கையாகவே மிகுதி. இதனால் கருச்சிதைவும் சிசு மரணமும் அதிகரித்து, பிள்ளைகளை இழந்த பெற்றோரின் துயரத்திலிருந்தே இவ்வழக்கம் பிறந்திருக்கலாம் என்று சிலி நாட்டு ஆய்வாளர் பெர்னார்டோ அரியாசா கருதுகிறார். சில மம்மிகளின் மீது பலமுறை வண்ணம் பூசி, பழுது பார்த்த அடையாளங்கள் உள்ளன. அவற்றை உடனே புதைக்காமல் சிலகாலம் மக்கள் தம்மிடையே வைத்திருந்தனர் என்பதை இது காட்டுகிறது. 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவ்விடங்களை உலக மரபுக் களமாக அறிவித்தது.

பராக்காஸ் துணிப்பொதிகள்

பெருவின் தென்கரையில் உள்ள பராக்காஸ் தீபகற்பத்தில், பெரு நாட்டுத் தொல்லியலாளர் ஹூலியோ தெல்யோவின் குழுவினர் 1927இல் வாரி கயான் என்னும் இடத்தில் 429 துணிப்பொதிகளை அகழ்ந்தெடுத்தனர். அவை ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஒவ்வொரு பொதியின் நடுவிலும், முழங்காலை மார்போடு மடக்கி அமர்ந்த நிலையில் ஓர் உடல் கூடைக்குள் வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றிப் பருத்தித் துணியும், சித்திரத் தையல் போட்ட கம்பளிப் போர்வைகளும் மாறி மாறிச் சுற்றப்பட்டிருந்தன. பெரிய பொதிகளில் பல பத்துத் துணிகள் இருந்தன. இறகு அணிந்து பறக்கும் உருவங்களும், பயிர்களும், விலங்குகளும் பல வண்ண நூலில் தைக்கப்பட்டிருந்தன.

இத்தகைய ஒரு போர்வையைத் தைத்து முடிக்கப் பல ஆயிரம் மணி நேர உழைப்பு தேவைப்படும். சில போர்வைகளில் தையல் வேலை பாதியில் நின்றிருக்கிறது. பெரிய பொதிகள் பெரும்பாலும் முதியவர்களுடையவை. ஆண்டிஸ் மக்களிடையே துணி பொன்னைவிட உயர்ந்ததாக மதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணினால், இறந்தோருக்காக ஒரு சமூகம் செலவிட்ட உழைப்பின் அளவு விளங்கும்.

துணிப்பொதி முறை இன்கா காலம் வரை தொடர்ந்தது. தலைநகர் லிமாவின் புறநகரான புருசூக்கோ பகுதியில், ஒரு குடிசைப் பகுதியின் அடியிலிருந்து 1999 முதல் 2001 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடல்களைக் கியேர்மோ கோக் என்பவரின் குழு மீட்டது. அவற்றுள் சில பொதிகளின் உச்சியில் பஞ்சு அடைத்த பொய்த்தலை பொருத்தி, அதற்கு முடியும் தலைப்பாகையும் அணிவித்திருந்தனர். உள்ளே இருப்பவர் மறைந்திருந்தாலும், வெளியே அவர் ஓர் ஆளாகவே காட்சியளித்தார்.

சிபான் தலைவர்

பெருவின் வடகரையில் மோச்சே மக்கள் செங்கல் மேடுகளுக்குள் தம் தலைவர்களை அடக்கம் செய்தனர். 1987இல் சிபான் என்னும் ஊருக்கு அருகே புதையல் திருடர்கள் ஒரு கல்லறையைக் கொள்ளையடித்த செய்தி அறிந்து, தொல்லியலாளர் வால்டர் ஆல்வா அங்கு விரைந்தார். திருடர் கைபடாத மற்றொரு கல்லறையை அவர் குழுவினர் கண்டுபிடித்தனர். அதிலிருந்தவர் ‘சிபான் தலைவர்’ என்று அழைக்கப்படுகிறார். நிலக்கடலை வடிவ மணிகளாலான அவருடைய கழுத்தணியில் வலப்பக்க மணிகள் பொன்னாலும் இடப்பக்க மணிகள் வெள்ளியாலும் செய்யப்பட்டிருந்தன. அவருடன் ஆண்களும் பெண்களும் ஒரு குழந்தையும் நாயும் லாமாவும் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். கல்லறைக்கு மேலே காவலன் ஒருவனின் உடல் பாதங்கள் நீக்கப்பட்ட நிலையில் கிடந்தது. அவன் காவலை விட்டு அகலக் கூடாது என்பது அதன் பொருளாகலாம். உடனிருந்த பெண்கள் தலைவருக்கு நெடுங்காலம் முன்பே இறந்தவர்கள் என்றும், அவர்களின் எலும்புகளே கொண்டுவந்து வைக்கப்பட்டன என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

கல்லறைக் கோபுரங்களும் மலைக்குகைகளும்

மலைநாட்டில் முறை வேறு. டிட்டிகாக்கா ஏரியைச் சூழ்ந்த மேட்டுநிலத்தில் வாழ்ந்த கொய்யா முதலிய அய்மாரா மொழி பேசிய மக்கள், இறந்தவர்களுக்குக் கல்லால் கோபுரங்கள் எழுப்பினர். இவை சுல்பா எனப்படும். பெருவின் புனோ நகருக்கு அருகே சிலுஸ்தானியில் உள்ள சுல்பாக்களுள் உயரமானது ஏறத்தாழ 12 மீட்டர். பெரும்பாலானவற்றுக்குக் கிழக்கு நோக்கி, ஒருவர் தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறு வாயில் உண்டு. இவை ஒருமுறை மூடி மறந்துவிடும் சமாதிகள் அல்ல. ஒரு குடும்பத்தின் பல தலைமுறையினர் இவற்றில் வைக்கப்பட்டனர். உறவினர்கள் உள்ளே சென்று படையல் இட்டனர். உயிரோடிருப்பவர்களின் வீடுகளைக் காட்டிலும் இறந்தோரின் வீடுகளுக்கே இம்மக்கள் அதிகக் கவனம் அளித்தனர் என்று, 16ஆம் நூற்றாண்டில் இப்பகுதியைக் கடந்துசென்ற ஸ்பானிய எழுத்தாளர் சியேசா தே லியோன் வியந்து எழுதினார்.

பிற மலைப்பகுதிகளில் மச்சாய் எனப்படும் இயற்கைக் குகைகளும் பாறைப் பிளவுகளும் முன்னோர் இல்லங்களாயின. வடக்கே மழைக்காடுகளின் விளிம்பில் வாழ்ந்த சச்சாபோயா மக்கள் செங்குத்தான பாறைச் சுவர்களில் கல்லறைகளைக் கட்டினர். 1997இல் அங்குள்ள ‘காண்டோர் ஏரி’யின் மேற்புறத்தில் இத்தகைய கல்லறைகள் தெரியவந்தன. திருடர்கள் பல பொதிகளை வெட்டுக்கத்தியால் கிழித்திருந்தனர். எஞ்சிய இருநூறுக்கும் மேற்பட்ட மம்மிகள் லேமெபம்பா ஊரின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

நம்பிக்கைகள்

கெச்சுவா மொழியில் பாதுகாக்கப்பட்ட முன்னோர் உடலுக்கு ‘மல்கி’ என்று பெயர். இதே சொல் நடுவதற்கு உரிய இளஞ்செடியையும் குறிக்கும். பூமிக்குள் செல்லும் விதை காய்ந்து கிடப்பதுபோல் தோன்றினாலும் அதிலிருந்து பயிர் எழுகிறது. காய்ந்த முன்னோர் உடலும் அவ்வாறே வம்சத்துக்கும் விளைச்சலுக்கும் ஊற்று எனக் கருதப்பட்டது. ஆகையால் விதைப்புக்கு முன்பும், பாசனக் கால்வாயைத் தூர்வாரும் முன்பும் மல்கிகளுக்குப் படையல் இட்டனர். மக்காச்சோளத்திலிருந்து காய்ச்சிய சிச்சா என்னும் மதுவும், கோக்கா இலையும், லாமாவின் இரத்தமும் முக்கியப் படையல்கள்.

நிலத்தைப் பொதுவில் வைத்துப் பயிரிடும் உறவுக்குழு ‘அய்ல்யு’ எனப்பட்டது. ஓர் அய்ல்யுவின் மக்கள் அனைவரும் தங்களை ஒரே முன்னோரின் வழிவந்தவர்களாகக் கருதினர். அம்முன்னோர் ஒரு குகையிலிருந்தோ ஊற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ முதன்முதலில் வெளிவந்தவர் என்பது நம்பிக்கை. அவ்விடம் ‘பக்காரினா’ எனப்படும். முன்னோரின் மல்கி அருகிலுள்ள குகையில் இருப்பது, அந்நிலத்திலும் நீரிலும் அக்குழுவுக்கு உள்ள உரிமைக்குக் கண்கூடான சான்று. பட்டா, பத்திரம் போன்ற எழுத்து ஆவணம் இல்லாத சமூகத்தில் முன்னோரின் உடலே அவ்விடத்தில் நின்றது எனலாம்.

இறந்தபின் உயிர் எங்கே செல்கிறது என்பது பற்றியும் கதைகள் இருந்தன. 1621இல் இயேசு சபைப் பாதிரியார் பாப்லோ ஹோசே தே அர்ரியாகா வெளியிட்ட நூலின்படி, இறந்தவர் ‘பேச்சற்றோரின் நாடு’ என்னும் ஊருக்குச் செல்கிறார். வழியில் ஓர் ஆற்றை, முடியால் பின்னிய குறுகிய பாலத்தின் மீது கடக்க வேண்டும். கருப்பு நாய்கள் அவரை அக்கரைக்கு அழைத்துச் செல்லும். இறந்தவரின் வீட்டைச் சுற்றி மாவைத் தூவி, அவர் திரும்பி வந்தாரா என்று காலடித் தடம் பார்க்கும் வழக்கத்தையும் அவர் குறிப்பிடுகிறார்.

இன்கா அரசர்களின் உடல்கள்

15ஆம் நூற்றாண்டில் கூஸ்கோ நகரைத் தலைநகராகக் கொண்டு விரிந்த இன்கா பேரரசில் இவ்வழக்கம் அரசியலின் மையமாயிற்று. ஓர் இன்கா இறந்தால், புதிய இன்காவுக்குப் பதவியும் படையும் கிடைக்கும். ஆனால் இறந்தவரின் அரண்மனை, நிலங்கள், பணியாட்கள் ஆகியவை அவருக்கே உரியவை. அவற்றை அவருடைய மற்ற வாரிசுகள் அடங்கிய ‘பனாக்கா’ என்னும் குழு அவர் பெயரால் நிர்வகிக்கும். அரசரின் மம்மிக்கு நாள்தோறும் உணவு படைத்து எரிப்பர், சிச்சா ஊற்றுவர், ஈ ஓட்டுவர், உடை மாற்றுவர். திருவிழா நாட்களில் மம்மிகளைப் பல்லக்கில் நகரின் பெரும் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக அமர்த்துவர். ஒரு மம்மி மற்றொரு மம்மியின் இல்லத்துக்கு விருந்து செல்வதும் உண்டு.

மம்மிகள் பேசவும் செய்தன. கூஸ்கோவுக்கு வந்த தொடக்ககால ஸ்பானியருள் ஒருவரான பெட்ரோ பிசார்ரோ, ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். இன்காவின் தளபதி ஒருவர் ஓர் உயர்குடிப் பெண்ணை மணக்க விரும்பினார். அதற்கு அவளுடைய தலைவரின் அனுமதி கேட்க பிசார்ரோ உடன்சென்றார். உயிருள்ள ஒரு பிரபுவைச் சந்திக்கப் போவதாக எண்ணிச் சென்றவரை ஒரு மம்மியின் முன் நிறுத்தினர். அதன் இருபுறமும் அமர்ந்திருந்த ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தலைவர் சம்மதிக்கிறார் என்று அறிவித்தனர்.

இவ்வேற்பாட்டினால் ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல நிலங்கள் இறந்தோர் பக்கம் சேர்ந்துகொண்டே போயின. நாட்டின் சிறந்தவை எல்லாம் இறந்தவர்களிடமே இருக்கின்றன, அவர்களைப் புதைத்துவிட வேண்டும் என்று இன்கா உவாஸ்கார் சினந்து கூறியதாகவும், இதனால் உயர்குடியினர் பலர் அவரை வெறுத்ததாகவும் பெட்ரோ பிசார்ரோ குறிப்பிடுகிறார். உவாஸ்காருக்கும் அவருடைய சகோதரர் ஆட்டவால்பாவுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், ஆட்டவால்பாவின் தளபதிகள் தோபா இன்காவின் மம்மியை எரித்தனர். அவருடைய பனாக்கா உவாஸ்காரை ஆதரித்ததே காரணம். ஆனால் அக்குடும்பத்தினர் சாம்பலைச் சேகரித்துவைத்து அதையே வழிபட்டனர்.

மலையுச்சிப் பலிகள்

பனிமலை உச்சிகளில் கிடைத்த சிறுவர் உடல்கள் முன்னோர் மல்கிகளிலிருந்து வேறுபட்டவை. இவர்கள் ‘கபக்கோச்சா’ என்னும் அரசுச் சடங்கில் பலியிடப்பட்டவர்கள். 1999இல் அர்ஜென்டினா-சிலி எல்லையில் 6739 மீட்டர் உயரமுள்ள யுயையாக்கோ மலையுச்சியில், யோகான் ரைன்ஹார்ட், கான்ஸ்டன்சா செருத்தி ஆகியோரின் குழு மூன்று பிள்ளைகளின் உறைந்த உடல்களைக் கண்டது. மூத்த பெண்ணின் முடியை ஆய்ந்தபோது, இறுதி ஓராண்டில் அவளுக்குக் கோக்காவும் மதுவும் மிகுதியாகக் கொடுக்கப்பட்டது தெரியவந்தது. பெருவின் ஒக்ரோஸ் பகுதியில், தந்தா கார்வா என்னும் சிறுமியை அவளுடைய தந்தை இன்காவுக்கு அளித்தார் என்றும், அதற்கு ஈடாக அவருக்கு ஊர்த்தலைமை கிடைத்தது என்றும் 17ஆம் நூற்றாண்டு ஆவணம் ஒன்று கூறுகிறது. அதன்பின் அவ்வூரார் அவள் அடக்கமான இடத்தை வழிபட்டனர்.

ஸ்பானியர் ஆட்சியில்

1533இல் கஹமார்க்காவில் சிறைப்பட்டிருந்த ஆட்டவால்பாவை உயிரோடு எரிக்க ஸ்பானியர் தீர்ப்பளித்தனர். ஞானஸ்நானம் பெற்றால் எரிக்காமல் கழுத்தை நெரித்துக் கொல்வதாகக் கூறியதும் அவர் அதற்கு இணங்கினார். உடல் அழிந்தால் முன்னோருள் ஒருவராக நிலைக்க முடியாது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் விளக்குகின்றனர்.

அரச மம்மிகளை அவர்களின் குடும்பத்தார் ஊர் ஊராக மறைத்துக் காத்தனர். 1559இல் கூஸ்கோவின் அதிகாரி போலோ தே ஒந்தேகார்தோ அவற்றைக் கண்டுபிடித்துக் கைப்பற்றினார். இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த எழுத்தாளர் கார்சிலாசோ தே லா வேகா, 1560இல் ஸ்பெயினுக்குப் புறப்படும் முன் போலோவின் வீட்டில் ஐந்து உடல்களைக் கண்டார். ஓர் அரசரின் விரலைத் தொட்டபோது அது மரத்தைப் போல விறைத்திருந்தது என்று எழுதுகிறார். வெள்ளைத் துணி போர்த்தி அவ்வுடல்களைத் தெருவில் எடுத்துச் சென்றபோது, பூர்வகுடி மக்கள் மண்டியிட்டு அழுதனர் என்றும், ஸ்பானியரிலும் பலர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தனர் என்றும் கூறுகிறார். சில உடல்கள் லிமாவின் சான் அந்திரேஸ் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. பிற்காலத்தில் அங்கு நடந்த தேடல்களில் அவை கிடைக்கவில்லை.

17ஆம் நூற்றாண்டில் ‘உருவ வழிபாட்டு ஒழிப்பு’ என்ற பெயரில் ஊர்தோறும் விசாரணைகள் நடந்தன. 1609இல் பாதிரியார் பிரான்சிஸ்கோ தே ஆவிலா, வாரோசிரி மலைப்பகுதியில் கைப்பற்றிய மல்கிகளை லிமாவின் பொதுச் சதுக்கத்தில் எரித்தார். இறந்தவர்களைத் தேவாலயத் தரைக்கடியில் புதைக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. மக்களோ இரவில் அவ்வுடல்களைத் தோண்டியெடுத்துக் குகைகளுக்குக் கொண்டுசென்றனர். மண்ணின் பாரத்தால் அவர்கள் நெருக்குண்டு வருந்துகிறார்கள் என்பது மக்களின் விளக்கம். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, அவர்கள் மீதுள்ள அன்பினால் என்று பொருள்படும் ‘குயாஸ்பா’ என்ற ஒரே சொல்லில் விடையளித்தனர் என்று அர்ரியாகா பதிவு செய்கிறார்.

இன்றைய நிலை

பூர்வகுடி எழுத்தாளர் குவாமன் போமா 1615 அளவில் முடித்த தம் படநூலில், நவம்பர் மாதத்தை இறந்தோரைச் சுமக்கும் மாதம் என்று குறிப்பிட்டு, மம்மியைப் பல்லக்கில் தூக்கிச் செல்லும் காட்சியை வரைந்துள்ளார். இதே மாதத் தொடக்கத்தில் கத்தோலிக்கரின் இறந்தோர் நினைவு நாளும் வருவதால், பழைய வழக்கம் புதிய விழாவுக்குள் இடம்பெற்றது. பெருவிலும் பொலிவியாவிலும் நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் இறந்தவருக்குப் பிடித்த உணவுகளோடும், குழந்தை வடிவில் சுட்ட ரொட்டிகளோடும் மேசை அமைக்கிறார்கள். கல்லறைகளில் குடும்பமாக அமர்ந்து உண்டு, இறந்தவருக்கும் பங்கு வைக்கிறார்கள். பொலிவியாவின் லா பாஸ் நகரில் நவம்பர் 8 அன்று, வீடுகளில் பேணிவரும் மண்டையோடுகளுக்கு மலர்முடி சூட்டிக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்கின்றனர்.

அகழாய்வில் கிடைத்த உடல்களை எவ்வாறு நடத்துவது என்பதும் இன்று விவாதத்துக்கு உரியதாகியுள்ளது. யுயையாக்கோ பிள்ளைகளின் உடல்கள் அர்ஜென்டினாவின் சால்ட்டா நகர அருங்காட்சியகத்தில் குளிர்பேழைகளில் 2007 முதல் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. பூர்வகுடியினர் சிலர் இதை எதிர்த்து வருகின்றனர். அருங்காட்சியகம் ஒரு நேரத்தில் ஓர் உடலை மட்டுமே காட்சிக்கு வைக்கிறது. ஆய்வாளருக்கு அவை அரிய சான்றுகள். எதிர்ப்போருக்கு அவர்கள் தங்கள் இனத்துப் பிள்ளைகள்.